பூசி மெழுகுவதற்கு முன்னால்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டும், அல்லது பழைய வீட்டைப் புதுப்பிக்கும் நம்மாட்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். ஹாலுக்கு என்ன டைல்ஸ் என்று கேளுங்கள். கம்பெனி, அளவு, விலை, எந்தக் கடை, எவ்வளவு தள்ளுபடி எல்லாம் கடகடவென்று வரும். சமையலறை மேடைக்கு என்ன கிரானைட்? அதுவும் வரும், போட்டோவோடு. இப்போது, பாத்ரூம் சுவருக்குள் சுடுதண்ணீர் எந்தக் குழாயில் போகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்று கேளுங்கள். "அது... மேசிரிக்குத் தெரியும்" என்பார்கள்.

மேசிரிக்கும் தெரியாது. அன்றைக்குக் காடி வெட்டிக் குழாய் பதித்த பையனுக்குத் தெரியும். அவன் இப்போது வேறு சைட்டில் இருக்கிறான்.

இந்தப் பதிவு அந்தக் குழாயைப் பற்றித்தான். டைல்ஸ் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

முதலில் நான் யார், எனக்கு என்ன தகுதி என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். ஊரில் ஒரு கிளையில் சில வருடம் வீட்டுக்கடன் மேசையில் இருந்தேன். இப்போது மஸ்கட்டில் வேறொரு வங்கி. சொந்த ஊர் குன்னத்துகால். தெரியாதவர்களுக்கு: நெய்யாற்றின்கரைத் தாலுகா, பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில், காரக்கோணம் மெடிக்கல் காலேஜ் பக்கம். 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எங்கள் வீடு நின்ற இடத்திலேயே நின்றது :-) வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சாமான் வாங்க மார்த்தாண்டம், ரேஷன் கார்டு கேரளா. வீட்டு வேலைக்கும் அப்படித்தான். கொத்தனார் களியக்காவிளைப் பக்கம், பிளம்பர் நெய்யாற்றின்கரை, காடி வெட்டுகிற பையன்கள் வங்காளம்.

அந்த வீட்டைத்தான் புதுப்பித்தோம். அப்பா கட்டிய ஓட்டு வீடு, செங்கல் சுவர். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது. மழைக்காலத்தில் வெளியே இருக்கும் குளிமுறிக்குப் போய் வருவது இனி நடக்காது என்ற நிலை. வீட்டுக்குள்ளேயே இரண்டு பாத்ரூம், சமையலறையைப் பெரிதாக்குவது, நாற்பது வருடப் பழைய வயரிங்கைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவது. இவ்வளவுதான் வேலை. ஊரில் நின்று பார்த்துக்கொண்டவர் என் அக்காவின் வீட்டுக்காரர், அத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வீட்டு வேலையில் ஒரு கட்டம் உண்டு. சுவர் எழும்பிவிட்டது, அல்லது பழைய சுவரில் காடி வெட்டியாகிவிட்டது. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வயர் போகும் குழாய், சுவிட்ச் பெட்டி எல்லாம் பதித்தாயிற்று. பூச்சு இன்னும் இல்லை. வீட்டின் நரம்பும் குடலும் வெளியே தெரியும். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் தெரியாது. அமெரிக்காவில் இதற்கென்று தனிப் பெயரே உண்டு, 'ரஃப்-இன்'. 2000-ல் முதலில் வந்த அவர்களுடைய சர்வதேச வீட்டுக் கட்டட விதித்தொகுப்பை ஏற்ற ஊர்களில், இந்தக் கட்டத்தை அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் தராமல் சுவரை மூட முடியாது. நம்மிடம் இதற்கு ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. 'கன்சீல்டு வேலை' என்கிறோம். கன்சீல்டு என்றாலே மறைத்தது என்று அர்த்தம். பெயரிலேயே வாக்குமூலம் இருக்கிறது.

பஞ்சாயத்து என்ன பார்க்கிறது? ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, பக்கத்து எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, மொத்தம் எத்தனை சதுர மீட்டர். மின்வாரியம்? உரிமம் பெற்றவரின் கையெழுத்தோடு காகிதம் கேட்கிறது. சுவருக்குள் என்ன போயிருக்கிறது என்று வந்து பார்க்க ஒரு மனிதர் எங்கள் வேலை முடியும்வரை வரவில்லை. ஆக, அந்த அதிகாரி நாம்தான். மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருக்கிற அதிகாரி.

நாம் என்ன செய்கிறோம்? அந்த இரண்டு வாரத்தைத்தான் அவசர அவசரமாகத் தாண்ட வைக்கிறோம். இதில் மூன்று பேரைத் திட்டவேண்டியிருக்கிறது. மூன்றிலும் நம்மாட்கள் இருக்கிறார்கள்.

ஒன்று: தேதி வைப்பவர்கள்

பால் காய்ச்சுக்கு முதலில் தேதி. அதற்கு லீவு, லீவுக்கு டிக்கெட், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை. ஆகஸ்டில் விமானக் கட்டணம் குதிப்பதற்குள் மார்ச்சிலேயே டிக்கெட் போட்டாயிற்று. ஊரில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டு பத்து நாள் வேலை நின்றால் அந்தப் பத்து நாளை எங்கிருந்து பிடிப்பார்கள்? டைல்ஸ் ஒட்டும் வேலையிலா? அது கண்ணுக்குத் தெரியும், கோணலாக இருந்தால் சண்டை வரும். பெயின்டிலா? அதுவும் தெரியும். தெரியாத ஒரே இடம் சுவருக்குள் இருப்பது. குழாய் ஒட்டிய பசை இறுகும் முன்பே பூச்சு. பரிசோதனைக்கு வைத்த ஒரு நாள் முதல் பலி.

காண்டிராக்டரைக் குற்றம் சொல்கிறோம். அவர் கையில் தேதியைக் கத்தி மாதிரி கொடுத்தது யார்?

இரண்டு: நம்பிக்கை பேசுபவர்கள்

"என்ன சாரே, நம்மள நம்பிக்கை இல்லியா? இருவது வருசமா இந்த வேலைதானே செய்யுதேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். பெரிய மனுஷத்தனம் தடுக்கிறது. ஊரில் பெயர் கெட்டுவிடும், 'கல்ஃப்காரன் கணக்குப் பார்க்கிறான்' என்பார்கள் என்று பயம்.

வங்கியில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. வவுச்சரை எழுதியவரே அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. முப்பது வருடம் சர்வீஸ் போட்ட, ஒரு பைசா பிசகாத கேஷியராக இருந்தாலும் சாயங்காலம் இன்னொருவர் பணத்தை எண்ணுவார். எந்தக் கேஷியரும் அதற்காகக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எண்ணாமல் போனால்தான் அவருக்குப் பயம். நாளைக்கு ஒரு குறைவு வந்தால் பழி யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தைச் சொன்னது காண்டிராக்டர் அல்ல, அத்தான். பூச்சை நிறுத்தச் சொல்லி, குழாயை அழுத்தம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பணம் என்று நான் சொன்ன அன்று அவர் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மாப்ளே, நான் வெயில்ல நிக்கது உனக்கு வேண்டித்தான். இடையில காசு தின்னுருவேன்னு நெனச்சியா?" என்றார். அக்கா அன்று சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை.

வீட்டு வேலையில் உண்மையில் உடைவது டைல்ஸ் இல்லை, இதுதான். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கும் ஊரில் நின்று பார்க்கிறவருக்கும் நடுவில் இருக்கிற உறவு. எத்தனை வீடுகளில் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு செப்டிக் டேங்கோ ஒரு ஈரச் சுவரோ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் அத்தானிடம் சொன்னது இவ்வளவுதான். "அத்தான், ரெண்டு வருசம் கழிச்சு சுவர்ல ஈரம் வந்தா, ஊர்க்காரன் மேசிரிய சொல்ல மாட்டான். நின்னு பாத்தது யாருன்னு கேப்பான். அன்னைக்கு உங்க கையில ஒரு போட்டோவும் ஒரு அளவும் இருக்கணும். இது உங்களுக்கு வேண்டி." மறுநாள் காலையில் பிளம்பரிடம் கைப்பம்பு கொண்டுவரச் சொன்னது அவர்தான். நான் ஞாபகப்படுத்தவில்லை.

பரிசோதனை என்பது நம்பாதவனுக்குச் செய்கிற அவமானம் இல்லை, நம்பியவருக்குக் கொடுக்கிற பாதுகாப்பு. இதை ஊரில் நிற்கிற உங்கள் தம்பியிடம், மச்சானிடம், அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள்.

மூன்று: பணம் கொடுப்பவர்கள், அதாவது எங்கள் வங்கிகளும் சேர்த்து

வீட்டுக்கடன் தவணை எப்படி விடுவிக்கப்படுகிறது? அஸ்திவாரம், லிண்டல், வார்ப்பு, பூச்சு, கடைசி வேலை. ஆளை அனுப்பி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, இத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுதிப் பணம் விடுகிறோம். எல்லாமே ரோட்டில் நின்று பார்த்தால் தெரிகிற கட்டங்கள். சுவருக்குள் இருப்பதற்குத் தவணை இல்லை. தவணை இல்லாத வேலையில் யாருக்கும் அக்கறை இல்லை. நான் உட்கார்ந்திருந்த மேசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வங்கிக்குக் கவலை அடமானச் சொத்தின் மதிப்பு. உள்ளே குழாய் கசிந்தால் அது உங்கள் பிரச்சினை.

சொந்தக் காசில் செய்பவர்களும் இதே தவணையைக் காப்பியடித்துத்தான் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதோடு 'சதுர அடி ரேட்'. சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்தவருக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வசதியான இடம் எது? கண்ணுக்குத் தெரியாத இடம். அவர் திருடர் என்று சொல்லவில்லை. சிமென்ட் விலை ஏறினால், கூலி ஏறினால், அவர் அதை எங்கே சரிக்கட்டுவார் என்று கணக்குப் படித்தவன் பார்வையில் சொல்கிறேன்.

மருந்து ரொம்பச் சுலபம். பூச்சுத் தவணையை இரண்டாக உடையுங்கள். 'குழாய், வயர்க் குழாய் பதித்து, பரிசோதித்து, போட்டோ எடுத்து முடித்தபின்' என்று ஒரு தவணை. அதற்குப் பிறகுதான் பூச்சுக்கு மணல் இறங்கவேண்டும். அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாத வரி கோர்ட்டிலும் நிற்காது, குடும்பத்திலும் நிற்காது.

சரி, என்னதான் பார்ப்பது?

திட்டினால் போதாது, வழியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பார்த்தது இவை. வீட்டுக்கு வீடு கூடக் குறைய இருக்கும்.

1. குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். சுடுதண்ணீர் போகும் சி.பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 15778, குளிர்ந்த தண்ணீருக்கான யு.பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 4985, கழிவுக் குழாயில் ஐ.எஸ். 13592 என்று இருக்கவேண்டும். யு.பி.வி.சி.யில் ஹீட்டர் தண்ணீரை விட்டால் அது இளகும். 'எல்லாம் ஒண்ணுதான் சாரே' என்றால், ஒன்று இல்லை. கடைக்காரரின் பில்லையும் இதோடு ஒப்பிடுங்கள்.

2. தண்ணீர்க் குழாய்க்கு அழுத்தப் பரிசோதனை. எல்லா வாயையும் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள்ளைப் போட்டோ எடுக்கவேண்டும். 'தொட்டியில தண்ணி விட்டுப் பாத்தாச்சு' என்பது பரிசோதனை இல்லை. பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம் வரும். நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் அதில் பாதிதான். நாளைக்கு ஒரு பிரஷர் பம்பு மாட்டினால் கதை வேறு. வேலை செய்யப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்காவது வைத்துப் பார்ப்பது வழக்கம். நாங்கள் ஆறு கிலோ வைத்து ராத்திரி முழுக்க விட்டோம். ராத்திரிக் குளிருக்கு முள் இம்மி அசையலாம். எங்கள் முள் காலையில் நாலில் நின்றது. தேடியதில் சமையலறைச் சுவரில் ஒரு எல்போ, பசை பாதிச் சுற்றுக்குத்தான் தடவியிருந்தது. வெட்டி எடுத்து மாற்ற அரை நாள் கூட ஆகவில்லை. அந்த இடத்தில் இப்போது டைல்ஸும் அலமாரியும் இருக்கின்றன. பிறகு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்கவேண்டாம்.

3. கழிவுக் குழாயின் சரிவு. நாலு இஞ்ச் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு, அதாவது பத்தடி ஓட்டத்துக்கு மூன்று இஞ்ச் இறக்கம். மட்டக்கோல் வைத்துப் பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி மறுமுனையில் நின்று பார்த்தால் இன்னும் நல்லது. எங்கள் புதிய பாத்ரூம் ஒன்றில் தண்ணீர் போகாமல் நின்று யோசித்தது. குழாய் நடுவில் தொட்டில் மாதிரித் தொய்ந்திருந்தது. தூக்கி அடியில் கட்டை கொடுத்துச் சரிசெய்தார்கள்.

4. பாத்ரூம் தளம். தாழ்த்திப் போட்ட தளத்தில் நீர்த்தடுப்பு பூசியபின் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வையுங்கள். மட்டம் குறைகிறதா, கீழேயோ பக்கத்திலோ ஈரம் வருகிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவு தண்ணீர் மட்டும்தான்.

5. காடியின் ஆழம். பழைய வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். செங்கல் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1905-ன் கணக்கு: நேர் மேலாக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, படுக்கையாக வெட்டுவது ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. ஒன்பது இஞ்ச் சுவரில் படுக்கைக் காடி ஒன்றரை இஞ்ச்தான். நாலரை இஞ்ச் சுவரில் முக்கால் இஞ்ச்; அதில் எந்தக் குழாயும் அடங்காது. ஆகவே மெல்லிய சுவரில் படுக்கைக் காடி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குழாயை வேறு வழியில் சுற்றிக் கொண்டுபோகட்டும். காடியை அடைத்தபின் மேலே கோழிவலை அடித்துப் பூசினால் பின்னால் கோடு கோடாக வெடிப்பு வராது.

6. வயர்க் குழாய். பூச்சுக்கு முன் ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயாவது நசுங்கியிருந்தால் இப்போதே தெரியும். சுவிட்ச் பெட்டிகள் மட்டத்தில் இருக்கிறதா, பூச்சின் கனத்துக்கு வெளியே நீட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பலகைவரை ஒரு காலிக் குழாய் விட்டுவையுங்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு சோலார் வைப்பீர்கள்.

7. வயர் இழுத்தபின் இன்னொரு நிறுத்தம், பெயின்டுக்கு முன்னால். விளக்குக்கு 1.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்று நாங்கள் எழுதி வாங்கினோம். 500 வோல்ட் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை ஏற்காதீர்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அதைவிட முக்கியம், எர்த் வயர் ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பது. மூன்றாவது ஓட்டை இருப்பதால் மூன்றாவது வயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

8. நியூட்ரல். இது யாரும் சொல்லாத சங்கதி. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் சேர்த்து முறுக்கிவிட்டால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் எரிச்சலில் இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். அவர் 'இந்தச் சாதனம்தான் கேடு' என்று அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிட்டுப் போவார். வெளியே பார்த்தால் ஆர்.சி.சி.பி. இருக்கும், உயிர் காக்காது. எங்கள் வீட்டிலும் ஒரு நியூட்ரல் கலந்திருந்தது. பூச்சு முடிந்தாலும் பெட்டிகள் திறந்திருந்ததால் ஒரு மணி நேரத்தில் பிரித்தார்கள்.

9. எர்த் குழி. எங்கள் பக்கம் செம்மண்ணும் வெட்டுகல்லும். கோடையில் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். எர்த் அளவை மழைக்காலத்தில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், கோடையிலும் ஒருமுறை பாருங்கள்.

10. போட்டோ. ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்து, நேராக நின்று எடுக்கவேண்டும். அறை வாரியாகப் பெயர் போட்டு, மெயிலில் ஒன்று, ஊரில் பிரிண்ட் ஒன்று. நாளைக்கு அம்மாவுக்குப் பிடிமானக் கம்பி அடிக்க டிரில் போடுகிறவருக்கு அந்தப் போட்டோதான் வழிகாட்டி.

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. வயரிங் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் வீடு கேரளத்தில் இருந்தால் கேரள உரிம வாரியத்தின் உரிமம் உள்ளவர் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். களியக்காவிளைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், செக்ஷன் ஆபீசில் யாருடைய கையெழுத்து செல்லும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேலையைப் பார்க்காமல் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிறவரைக் கூப்பிடாதீர்கள். அந்தக் கையெழுத்துக்கு அடியில் தூங்கப்போவது உங்கள் அம்மா.

வழக்கமான ஆட்சேபணைகள்

'இதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை, நம்ம ஊருக்கு ஒத்துவராது.' நான் மேலே சொன்ன ஐ.எஸ். எண்கள் எல்லாம் இந்தியத் தரக்குறிகள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-ல் வந்தது, 1983, 2005, 2016 என்று திருத்தியிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே எழுதி வைத்ததைத்தான் நம் வீட்டில் கேட்கிறோம்.

'செலவு கூடும்.' எங்களுக்கு ஆனது கைப்பம்பு வாடகை, மெகரோடு வந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலி, தாமதமான நான்கு நாள். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். சமையலறை டைல்ஸில் பூப்போட்ட பட்டை வேண்டும் என்று நாம் கூடுதலாகக் கொடுப்பதைவிடக் குறைவு. மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவர் ஈரம். இடவப்பாதியில் பார்த்து மழை ஈரம் என்றார்கள். துலா மழையிலும் அதே. இரண்டு தடவை வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தார்கள். மூன்றாம் வருடம் கோடையிலும் ஈரம் காயாதபோதுதான் சுவரை உடைத்தார்கள். பக்கத்து பாத்ரூம் குழாய். அதற்குள் டைல்ஸ் மாடல் கடையில் இல்லை, ஒரு சுவர் வேறு நிறம். மழை நிறைய உள்ள ஊரில் கசிகிற குழாய்க்கு மழையே மறைவிடம்.

'இன்ஜினியர் இருக்கார், அவர் பாத்துக்குவார்.' பார்த்தால் நல்லது. என்றைக்குப் பார்த்தார், எந்த அளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்தவர் எழுதத் தயங்கமாட்டார்.

'ஆளுங்க சரியில்லை, பங்காளிப் பசங்க.' இதைத்தான் பொறுக்க முடியவில்லை. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நம் சுவரில் காடி வெட்டுகிற பையன் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவன்தான். மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். அவனுக்கும் ஊரில் ஒரு வீடு பாதியில் நிற்கும். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று மட்டும் அவன் மொழியில் கற்றுக்கொண்டு விரட்டுகிறோம். எது சரி என்று காட்டிக்கொடுத்து, ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தால் அவன் நன்றாகத்தான் செய்கிறான். அந்த எல்போவை மறுபடி ஒட்டியவனும் அவர்களில் ஒருவன்தான். ஒட்டிவிட்டு, கேஜ் முள் அசையாமல் நின்றதைத் தன் போனிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டானாம். அத்தான் சொன்னார்.

கடைசியாக ஒன்று. நாம் ஊரில் வீட்டுக்குச் செலவழிப்பது வருடத்துக்கு ஒரு மாதம் வந்து தங்குவதற்காக அல்ல. மிச்சம் பதினொரு மாதம் அங்கே இருப்பது வயதானவர்கள். ராத்திரி ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவதும், ஹீட்டர் தண்ணீரில் குளிப்பதும், குழாய் அடைத்தால் ஆள் தேடி அலைவதும் அவர்கள்தான். பால் காய்ச்சுக்கு வருகிறவர்கள் டைல்ஸைப் பாராட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகவே, இப்போது வீட்டு வேலை நடத்திக்கொண்டிருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குக் கூப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பூச்சு தொடங்கியாச்சா?" இல்லை என்றால், நிறுத்தச் சொல்லுங்கள். கேஜ் முள்ளின் போட்டோ வந்தபிறகு பணம் அனுப்புங்கள். அதற்கப்புறம் நல்ல நாள் பாருங்கள்.